மேல்வயல் தண்ணீர்

பெரியவள் வேலை நேரத்தில் போன் செய்கிறவள் அல்ல. அதனால் பகல் பன்னிரண்டு மணிக்கு அக்காவின் எண்ணைப் பார்த்ததும், சின்னவள் மண் சலித்துக்கொண்டிருந்த சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, மண் படிந்த கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“சாப்பிட்டியா?”

“இன்னும் இல்ல. என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப ஒரு எட்டு இங்க வந்துட்டுப் போ.” கொஞ்சம் நிறுத்தி, “இல்ல, இப்பவே வர முடியுமா? வெயில்ல பார்த்தாத்தான் தெரியும்” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையிலேயே சின்னவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. விதைக்கிழங்குச் சான்று அலுவலகத்தில் அவள் பதினான்கு வருடமாகப் பரிசோதகர். உருளைக்கிழங்கை விதைக்கென்று வளர்க்கிற ஒவ்வொரு வயலையும் பருவத்துக்கு மூன்று முறை நடந்து பார்த்து, மண்ணையும் கிழங்கையும் சோதித்து, அவள் கையெழுத்துப் போட்டால்தான் மூட்டையில் விதைச் சீட்டு ஏறும். வெயிலில் வாடி, மாலையில் ஒன்றும் நடக்காததுபோல் நிமிர்ந்து நிற்கிற செடியைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பெரியவளின் வயல் மேட்டில் இருந்தது. வாங்கியபோது அந்த மண் சீக்காளி மண். கிழங்கெல்லாம் சொறி, தோலில் கறுப்புப் பொருக்கு. பெரியவள் ஏழு வருடம் அதில் உருளைக்கிழங்கையே காட்டவில்லை. மக்காச்சோளம், கடுகு, பிறகு வெறும் புல் என்று மாற்றி மாற்றிப் போட்டாள். லாரி ஓட்டுகிற கணவர் மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பார். மண்ணோடு மல்லுக்கட்டியது முழுக்க அவள்தான். வாசலில் ஒரு தட்டில் மருந்துத் தண்ணீர் வைத்திருப்பாள். அதில் செருப்பை நனைக்காமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. தபால்காரர்கூட நனைக்கவேண்டும். “அந்தம்மாவுக்குக் கடிதம் போடறவங்க எனக்கு வருஷத்துக்கு ஒரு ஜோடி செருப்பும் சேர்த்து அனுப்பணும்” என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது மூன்று பருவமாக அந்த வட்டாரத்தில் முதல் தர விதை என்றால் அது மேல்வயல் விதைதான்.

சின்னவள் போய்ச் சேர்ந்தபோது பெரியவள் வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தாள். அழைத்துப் போய், நடுப்பகுதியில் செடி நட்ட ஒரு பாரைக் காட்டினாள். சுற்றிலும் செடிகள் முழங்கால் உயரத்தில் கருகருவென்று இருந்தன. நடுவே மூன்று மட்டும் இலை பழுக்காமல், பச்சை மாறாமல், கொதிநீர் ஊற்றியதுபோல் தொங்கிக்கொண்டிருந்தன.

“தண்ணி பத்தலையோன்னு நினைச்சேன்” என்றாள் பெரியவள்.

சின்னவள் ஒரு தண்டை அடியில் அறுத்து, பையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அலுவலகம் வரை போகவேண்டியதில்லை. பெரியவளின் சமையலறையில் ஒரு கண்ணாடி டம்ளரைக் கழுவி, தெளிந்த தண்ணீர் நிரப்பி, தண்டின் வெட்டுப்பக்கம் தண்ணீரில் படும்படி குச்சியில் கட்டித் தொங்கவிட்டாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக வைத்தாள்.

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு நிமிஷம். இருந்தா தெரியும்.”

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தண்டின் வாயிலிருந்து பால் போல ஒரு மெல்லிய நூல் இறங்கியது. ஆடாமல் அசையாமல் நேராக டம்ளரின் அடிவரை போய் அங்கே புகையாகப் பரவியது. பின்னாலேயே இன்னொரு நூல். வாடல் நோய்க் கிருமி. மண்ணில் இருப்பது, தண்ணீரில் போவது, கிழங்குக்குள் ஒளிந்துகொண்டு அடுத்த வயலுக்குப் பயணம் செய்வது. மருந்து கிடையாது.

பெரியவள் என்னவென்று கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“எத்தனை செடி?” என்றாள் சின்னவள்.

“மூணு.”

“அக்கா.”

“அஞ்சு.”

“நிஜத்தைச் சொல்லு.”

“ஒம்பது. முந்தாநாள் ரெண்டைப் பிடுங்கிட்டேன். அதையும் சேர்த்தா பதினொண்ணு.”

விதி என்னவென்று இருவருக்கும் தெரியும். அன்றைக்கே மேலாளருக்கு அறிக்கை போகவேண்டும். வாசலில் மஞ்சள் பலகை மாட்டுவார்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, கத்திரி எதையும் ஆறு வருடம் அந்த மண்ணில் போடக்கூடாது. அந்த வயலின் தண்ணீரை யாரும் தொடக்கூடாது. சுற்றியுள்ள வயல்களிலெல்லாம் சோதனை நடக்கும்.

“ஆறு வருஷம்” என்றாள் பெரியவள். “ஏற்கெனவே ஏழு வருஷம் இந்த மண்ணை ஆஸ்பத்திரியில படுக்க வச்ச மாதிரி வச்சுப் பார்த்தாச்சு. எனக்கு இப்ப அம்பத்திமூணு. இன்னொரு தடவை முடியாதுடி.”

“நான் என்னக்கா பண்ணட்டும்?”

“மூணு வாரம் சும்மா இரு. அவ்வளவுதான். வாடினதை நான் பிடுங்கி எரிச்சிடறேன். ஒரு கிழங்குகூட விதைக்குப் போகாது. சீக்கிரமே தோண்டி, மொத்தமா சமையலுக்குத் தள்ளிடறேன். மனுஷனுக்கு இதால ஒண்ணும் ஆகாதுல்ல? நீயே சொல்லியிருக்க. அப்புறம் பலகை கிலகை எதுவும் இல்லாம, நானே சத்தமில்லாம புல் போட்டுக்கறேன்.”

“பலகை போடறது உனக்காக மட்டும் இல்லக்கா. சுத்தி இருக்கிறவங்களுக்கு.”

பெரியவள் தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். “என் வாசல்ல கால் நனைக்காம ஒருத்தரும் உள்ள வந்ததில்ல, ஒரே ஒரு ஆளைத் தவிர. நடவு முடிஞ்சு மூணாம் வாரம், மழையில, ‘அவசரம்க்கா’ன்னு நேரா உள்ள ஓடினியே. அன்னைக்கு இங்க வர்றதுக்கு முன்னாடி எத்தனை வயலுக்குப் போய்ட்டு வந்த?”

நான்கு. சின்னவளுக்கு அது டம்ளரில் நூல் இறங்கும்போதே ஞாபகம் வந்திருந்தது. அந்த நான்கில் எதிலும் நோய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தாள்.

“நான் உன்னைக் குத்தம் சொல்லல” என்றாள் பெரியவள். குற்றம் சொல்லி முடித்த பிறகு.

“வயல் தண்ணி வடியுதே, அந்தக் குட்டைத் தண்ணி வெளிய போகக் கூடாது” என்றாள் சின்னவள் கடைசியில். “ஒரு சொட்டுகூட. மூணு வாரம். அதுக்கு மேல என்னைக் கேக்காத.”

அது மாதத்தின் ஏழாம் தேதி.

மறுநாள் மேலாளர், “மேல்வயல் இரண்டாம் பார்வை முடிஞ்சதா?” என்று கேட்டார். அவர் கெட்டவரில்லை, மூக்குக்கண்ணாடியைத் தேடுவதிலேயே பாதி நாளைக் கழிப்பவர்.

“முடிஞ்சது சார்.”

“எப்படி?”

“நல்லா இருக்கு.”

“அது எப்பவும் நல்லாத்தானே இருக்கும்” என்று அவர் தாளை நீட்டினார். சின்னவள் கையெழுத்துப் போட்டாள். பதினான்கு வருடத்தில் ஆயிரக்கணக்கான கையெழுத்து. இதுவும் பார்க்க அப்படியேதான் இருந்தது.

மேல்வயலுக்குக் கீழே, அந்தக் குட்டையைத் தாண்டினால், மெக்கானிக்கின் நிலம். மெக்கானிக் இருபத்தைந்து வருடம் பட்டறையில் டிராக்டருக்கு அடியில் படுத்துக் கிடந்தவர். முதுகு ஒத்துழைக்காமல் போகவே விவசாயத்துக்கு வந்திருந்தார். முதுகு வலிக்கு விவசாயம் வைத்தியம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அது அவருடைய முதல் உருளைக்கிழங்கு. சந்தேகம் வந்தால் நேரே அலுவலகத்துக்கு வந்துவிடுவார்.

“மேடம், இந்த மண்ணுக்கு ஆயில் சேஞ்ச் எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை?”

சின்னவளுக்கு அவரைப் பிடிக்கும். பயிரை மாற்றிப் போடுவது ஏன், போன வருடத்துக் கிழங்கு தானாக முளைத்தால் அதைப் பிடுங்குவது ஏன், கத்தியை ஒவ்வொரு முறையும் மருந்தில் தோய்ப்பது ஏன் என்று சொல்லிக் கொடுப்பாள். அவர் கிரீஸ் படிந்த நோட்டில் எழுதிக்கொள்வார். தொலைவில் எங்கோ ஏலத்தில் ஒரு பழைய நடவு இயந்திரத்தை வாங்கி, இரண்டு வருடம் அக்கக்காகப் பிரித்துச் செப்பனிட்டிருந்தார். அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர். “வருஷத்துல ரெண்டு நாள்தான் வேலை செய்வாரு. மிச்ச நாளெல்லாம் நிழல்ல உக்காந்துகிட்டு மரியாதையா கவனிக்கணும்” என்பார். அந்தப் பருவத்தில் பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேருக்கும் மாப்பிள்ளையை இரவல் கொடுத்திருந்தார்.

பத்தாம் தேதிக்கு மேல் வெயில் காய்ச்சி எடுத்தது. மழை வரும் வரும் என்று மேகம் காட்டிவிட்டுப் போனது. பதின்மூன்றாம் தேதி சின்னவள் வேறொரு வயலுக்குப் போகிற வழியில் மோட்டார் சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தினாள். குட்டைக் கரையில் மெக்கானிக்கின் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. தடித்த நீலக் குழாய் ஒன்று தண்ணீரில் கிடந்தது; மறுமுனை அவருடைய பார்களுக்கு நடுவே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. குட்டையில் சேர்வது முழுவதும் மேல்வயலில் பாய்ந்து வடிகிற தண்ணீர்.

“வாங்க மேடம்” என்று மெக்கானிக் எழுந்து வந்தார். “அக்கா பெரிய மனசு பண்ணி விட்டாங்க. முதல்ல யோசிச்சாங்க. செடி காயுதேக்கா, குட்டையில தண்ணி சும்மாதானே கிடக்குன்னேன். அப்புறம் எடுத்துக்கோன்னுட்டாங்க.”

“எப்ப இருந்து ஓடுது?”

“இது மூணாவது நாள். கடைசிப் பார் வரைக்கும் ஏறிடுச்சு. பாருங்க, எப்படி முழிச்சுகிச்சு.”

செடிகள் உண்மையிலேயே முழித்துக்கொண்டுதான் இருந்தன. சின்னவள் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிறுத்துங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஏன் என்று அவர் கேட்பார். கேட்டால் பதில் சொல்லவேண்டும். மூன்று நாள் ஏறிவிட்ட தண்ணீரை இனி இறக்க முடியாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலாம் நாள் தண்ணீரையாவது தடுத்திருக்கலாம் என்பது அவளுக்குப் பிறகு பல இரவு தோன்றியது. அப்போது தோன்றவில்லை; தோன்றுவதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை.

“டீ போட்டிருக்கேன், ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க” என்று அவர் பிளாஸ்கைத் திறந்தார். அவள் குடித்தாள்.

அங்கிருந்து நேரே அக்காவிடம் போனாள்.

“என்ன காரணம் சொல்லி வேணாம்னு சொல்லச் சொல்ற?” என்றாள் பெரியவள். “வாசல்ல வந்து நிக்கறான். செடி காயுது. எனக்கு அந்தத் தண்ணி தேவையும் இல்ல. வாயைத் திறந்து என்ன சொல்லட்டும்? நீயே சொல்லு.”

குட்டையில் எப்போதும் கிருமி இருக்கும் என்று சொல்ல முடியாது, வெயிலில் செத்துப் போயிருக்கும் என்றார்கள் இருவரும் மாறி மாறி. ஒருவரையொருவர் பார்க்காமல்தான் சொல்லிக்கொண்டார்கள்.

மாதக் கடைசியில் பெரியவள் இலைத்தண்டை வெட்டிவிட்டு, தோல் முற்றுவதற்கு முன்பே கிழங்கைத் தோண்டினாள். விதைக்கு என்று காத்திருந்தவர்களிடம் “இந்தத் தடவை கிழங்கு பொடிசா போச்சு” என்றாள். சொன்ன சொல்லை அதில் காப்பாற்றினாள். ஒரு கிழங்குகூட விதைக்குப் போகவில்லை.

அதற்கு அடுத்த வாரம் மெக்கானிக் ஒரு வாளியோடு அலுவலகத்துக்கு வந்தார். வாளிக்குள் இரண்டு பிளாஸ்டிக் பை. ஒன்றுக்குள் ஒன்று, இரண்டும் வாய் கட்டப்பட்டு. உள்ளே ஒரு செடி, வேரோடும் மண்ணோடும்.

“நீங்க சொன்ன மாதிரியே கட்டி எடுத்துட்டு வந்தேன். செருப்பைக் கூட வெளிய கழட்டிட்டேன்” என்றார். “பச்சையாவே தொங்குது மேடம். முப்பது நாப்பது செடி இருக்கும்.”

சின்னவள் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்தாள். தண்டை அறுத்து அதில் தொங்கவிட்டாள். கிழங்கு ஒன்றைக் குறுக்கே வெட்டினாள். தோலுக்கு உள்ளே ஒரு பழுப்பு வளையம். அழுத்தினால் அதிலிருந்து வெளுத்த பிசின் கசிந்தது. குவளையில் என்ன இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். மெக்கானிக் குனிந்து, எஞ்சினுக்குள் பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“இதுவா?”

“இதுதான்.”

“சரி பண்ண...”

“முடியாதுங்க.”

மேலாளர் பக்கத்து அறையிலிருந்து வந்துவிட்டார். இனி மறைக்க அதில் ஒன்றும் இல்லை. அன்று மாலையே மெக்கானிக்கின் வாசலில் மஞ்சள் பலகை ஏறியது.

எங்கிருந்து வந்தது என்று மேலாளர் கேட்டபோது, பதில் சொல்லச் சின்னவள் வாய் திறப்பதற்குள் மெக்கானிக்கே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ஏலத்திலிருந்து வந்தபோது அதன் சங்கிலியிலும் கொழுவிலும் காய்ந்த மண் அப்பியிருந்தது. கழுவினார்தான். ஆனால் பேரிங்கின் உள்ளே விரல் போகாத இடத்திலும் மண் இருந்திருக்கும். “எவன் வயல் மண்ணோ. நான்தான் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டேன்.” மேலாளர் தலையாட்டிக்கொண்டே எழுதினார்: காரணம், பழைய இயந்திரத்தில் ஒட்டிவந்த மண்ணாக இருக்கலாம். சின்னவள் அந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டாள்.

இயந்திரத்தை இரவல் வாங்கிய இரண்டு பேரும் மெக்கானிக்கைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவர்கள் வயல்களை அலுவலகம் வாராவாரம் சோதித்தது. நோய் இல்லை என்று ஒவ்வொரு வாரமும் வந்தது, ஆனாலும் அவர்கள் நம்பவில்லை. மேல்வயலில் கிழங்கைத் தோண்டி முடித்திருந்ததால் அங்கே சோதிக்க யாரும் போகவில்லை. கடையில் மெக்கானிக் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். “செருப்போட உள்ள வராதப்பா” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்துவிட்டு வெளியே நின்றபடியே சாமான் வாங்கிக்கொண்டு போனார். அவர் மனைவி கடைக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

அவர் ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். மேல்வயல் வாசலுக்கும் போனார். அன்று சின்னவள் அங்கே சமையலறையில் இருந்தாள். ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது.

“அக்கா, நீங்க தண்ணி குடுத்து உதவினீங்க. என்னால உங்க மண்ணுக்கும் ஏதாவது வந்துருமோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. குட்டையில என் குழாயைப் போட்டேனே. அதுல ஒட்டிக்கிட்டு வந்திருந்தா...”

“போகட்டும் விடுங்க” என்றாள் பெரியவள்.

“சுண்ணாம்பு போடணும்னா சொல்லுங்க. நானே வந்து போட்டுத் தர்றேன்.”

“அதெல்லாம் வேணாம். நீங்க போய் வேலையைப் பாருங்க.”

உள்ளே வந்த பெரியவளின் முகம் பேயறைந்தது போல் இருந்தது. தண்ணீர் மொண்டு குடித்தாள்.

“இதுக்கு மேல என்னால முடியாதுக்கா” என்றாள் சின்னவள். “நான் சொல்லப் போறேன்.”

“சொன்னா? அவன் வயல் திரும்பி வந்துருமா?”

“அவர் மேல பழி இல்லாமலாவது போகும்.”

“பழி நம்ம மேல வரும். உன் வேலை போகும். நாளைக்கு நான் எந்த முகத்தோட வெளிய போவேன்? அவனுக்கு இருக்கிற கஷ்டம் ஒண்ணும் குறையாது, நமக்கும் சேர்த்து வரும். அதான் உனக்கு நியாயமா?”

“அவர் உன் வாசல்ல வந்து உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாரு.”

“எனக்குக் காது இருக்குடி” என்றாள் பெரியவள். “நீ கொஞ்சம் போ இப்ப.”

அப்போதும் சின்னவள் சொல்லவில்லை. நாளைக்கு, அடுத்த திங்கட்கிழமை என்று ஒன்பது நாள் தள்ளினாள். பத்தாம் நாள் காலை மஞ்சள் பலகை விழுந்துவிடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. போனபோது மெக்கானிக்கின் கொட்டகையிலிருந்து தீப்பொறி தெறித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காஸ் கட்டரால் மாப்பிள்ளையை வெட்டிக்கொண்டிருந்தார். சக்கரம் தனியாக, விதைப் பெட்டி தனியாகத் தரையில் கிடந்தன. சட்டத்தில் பாதி போயிருந்தது.

“ஏங்க?” என்றாள்.

அவர் கட்டரை அணைத்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கினார். “யாருக்காவது வித்தா அவன் வயலுக்கும் போகும் மேடம். சும்மா வச்சிருந்தாலும் என்னைக்காவது யாராவது இரவல் கேப்பான், நானும் வாய் தவறிக் குடுத்துருவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். வெட்டி உருக்குக்குப் போட்டுட்டா நெருப்புல கிருமி செத்துரும்ல?”

“மிஷின்ல இருந்து வரல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மேல்வயல்ல முன்னாடியே இருந்தது. குட்டைத் தண்ணியில வந்தது. எனக்குத் தெரியும்.”

அவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றியிலிருந்து முழுவதும் கழற்றி, வெட்டிய சட்டத்தின் மேல் வைத்தார்.

“எந்தத் தேதியில இருந்து தெரியும்?”

“ஏழு.”

“நான் பம்ப் போட்டது பதினொண்ணு” என்றார். மெதுவாக, கணக்குப் பார்ப்பது போலச் சொன்னார். “பதிமூணாம் தேதி நீங்க வந்தீங்க. குழாய் பக்கத்துல நின்னீங்க.”

“ஆமாங்க.”

“நான் டீ குடுத்தேன்.”

சின்னவள் தரையில் கிடந்த சக்கரத்தைப் பார்த்தாள்.

“குடிச்சுட்டுப் போனீங்க.”

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் குரல் உயரவே இல்லை. மன்னித்துவிடுங்கள் என்று அவள் ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு பாதி வெட்டிய சட்டத்தைப் பார்த்தார். திரும்ப ஒட்டவைக்க முடியுமா என்று பார்ப்பது போல விரலால் வெட்டு வாயைத் தடவினார். சூடு இன்னும் ஆறியிருக்காது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை.

“போங்க” என்றார். மேடம் என்று சொல்லவில்லை.

அன்று மதியமே சின்னவள் எல்லாவற்றையும் எழுதி மேலாளர் மேசையில் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். “ஏம்மா இப்படிப் பண்ணின?” என்று மட்டும் கேட்டார். விசாரணை வந்தது. குட்டைத் தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். மேல்வயல் மண்ணைப் பதினெட்டு இடத்தில் தோண்டி எடுத்தார்கள். இரண்டிலும் கிருமி இருந்தது. அது மேல்வயலுக்கு எப்படி வந்தது என்பதை மட்டும் கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை. சின்னவளின் செருப்பாக இருக்கலாம். பறவை, காற்று, வாங்கிவந்த விதை என்று எதுவாகவும் இருக்கலாம். அந்தக் கேள்விக்கு நேராக அறிக்கையில் ஒரு கோடு போட்டு விட்டுவிட்டார்கள்.

சின்னவளின் பரிசோதகர் உரிமம் போனது. இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, குழாய்ச் சாமான் விற்கிற கடை ஒன்றில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். பெரியவளின் வாசலில் பலகை ஏறிய அன்று, லாரியிலிருந்து வந்திறங்கிய அக்கா கணவர்தான் போன் செய்தார். “கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதம்மா. அவ ஒரு மாதிரி இருக்கா” என்றார். கொஞ்ச நாள் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

ஊரில் மெக்கானிக்கிடம் வருத்தம் சொன்னவர்கள் உண்டு. கடையில் சிரித்தவர்களே முதலில் வந்து சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பருவம் முடிந்ததும் வீட்டைப் பூட்டி, மனைவியோடு டவுனுக்குப் போய்ப் பழைய பட்டறையிலேயே சேர்ந்துவிட்டார். முதுகு வலியோடு மறுபடி டிராக்டருக்கு அடியில் படுத்துக் கிடக்கிறார் என்று சொன்னார்கள்.

தடை போட்ட வயலில் பயிர் இல்லாவிட்டாலும் வேலை இருக்கிறது. தோண்டும்போது தவறிய கிழங்குகள் மண்ணுக்குள் கிடந்து அடுத்த மழையில் முளைக்கும். ஒரு செடி நின்றாலும் அதன் வேரைப் பற்றிக்கொண்டு நோய் இன்னொரு வருடம் உயிரோடு இருக்கும். ஆறு வருடமும் தேடித் தேடிப் பிடுங்கவேண்டும். மெக்கானிக்கின் வயலில் அதைச் செய்ய ஆளில்லை. சின்னவள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள்: ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து பிடுங்கட்டுமா? பதில் வரவில்லை. வேண்டாம் என்றும் வரவில்லை. அவள் போக ஆரம்பித்தாள்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் கொட்டகைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் குட்டைக் கரை வரை வந்திருந்தாள். கரைக்கு அந்தப் பக்கம் மேல்வயலில் பெரியவளும் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் சாக்கு கட்டியிருந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. தலைச்சாயம் போடுவதை விட்டுவிட்டாள் போலிருக்கிறது. இருவருக்கும் நடுவே இருபது அடிகூட இருக்காது. அரைமணி நேரம் இரண்டு பேரும் ஒரே திசையில் நகர்ந்தார்கள். சின்னவள் இரண்டு முறை நிமிர்ந்தாள். பெரியவள் நிமிரவே இல்லை.

வரப்பு முடியும் இடத்தில் சின்னவள் சாக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது குரல் கேட்டது.

“ஓரத்துல ஒண்ணு விட்டுட்டுப் போற.”

கூலி ஆளிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். சின்னவள் திரும்பிப் பார்த்தபோது பெரியவள் ஏற்கெனவே சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்ன இடத்தில், புல்லுக்கு நடுவே ஒரு செடி நாலு இலையோடு நின்றிருந்தது. சின்னவள் மண்வெட்டியால் சுற்றிலும் ஆழமாகக் கொத்தி, வேர் அறாமல் தூக்கினாள். அடியில் கோலிக்குண்டு அளவில் மூன்று கிழங்குகள். தூறலில் மண் கழுவப்பட்டு வெளேரென்று இருந்தன. தொட்டுப் பார்த்தால் கெட்டியாக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இருந்தன. அவள் குழிக்குள் கையை விட்டு, உடைந்த துண்டு எதுவும் தங்கியிருக்கிறதா என்று துழாவினாள். பிறகு எல்லாவற்றையும் பையில் போட்டு வாயைக் கட்டினாள்.